மாதா ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

எங்கள் வீட்டு ஹாலில் எட்டு விளக்குகள் இருக்கின்றன. எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதித்த வட்டமான டவுன்லைட்டுகள். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, யார் போட்டது என்று கேட்பார்கள். "இவருதான்" என்று மனைவி என்னைக் காட்டுவாள். நான் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விடுவேன். பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிற தைரியம் எனக்குக் கிடையாது என்பது ஒரு காரணம். அந்த நேரத்தில் என் மனைவி என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள் என்பது இன்னொரு காரணம்.

நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் பேனல் வயரிங் செய்கிறவன். பெரிய மெஷின்களுக்குப் பக்கத்தில் பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டி நிற்கும். கதவைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் வயர்கள் ஓடும். அவற்றை ஒழுங்காக ஓடவிடுவதுதான் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஹெல்பராகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, டீ வாங்கி வந்து, அப்படியே வயர்மேன் ஆனேன்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. பெயர் இல்லாத வயர் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் ஃபெரூல் என்று ஒரு சின்ன மஞ்சள் வளையம் மாட்டி, அதில் எண் போட வேண்டும். கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். அதில் டிராயிங் இருக்கும். நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவன் வந்து கதவைத் திறந்தாலும், யாரையும் கேட்காமல் எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இதையே செய்து, என் கை இதைத் தவிர வேறு மாதிரி வேலை செய்யாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் படிக்கத் தெரியும். செய்தித்தாளை மனதுக்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவேன். வாய்விட்டுப் படி என்றால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் முன்னால் என்றால் முதல் வரியைத் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடும். கம்பெனியில் பாதுகாப்பு உறுதிமொழியை ஆளுக்கு ஒரு தடவை முன்னால் வந்து வாசிக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் நான் உயரமான ஆளாகப் பார்த்து அவனுக்குப் பின்னால் நிற்பேன். கல்யாணப் பத்திரிகையை நீட்டி நேரம் என்ன போட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால், என் கண்ணாடி வீட்டில் இருக்கும். அந்தக் கண்ணாடியை நான் இன்னும் வாங்கவே இல்லை.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த பகுதியில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு உண்டு. மாதம் ஒரு வீட்டில் சாயங்காலம் கூடி செபம் செய்வோம். செபம் முடிந்ததும் சுண்டலும் டீயும். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக் குடும்பத் தலைவர் எழுந்து நின்று பைபிளிலிருந்து வாசகம் வாசிக்க வேண்டும். இது எங்கள் அன்பியத் தலைவி போட்ட விதி. அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவர் போட்ட இன்னொரு விதி, செல்போனை அணைத்து வாசலருகே இருக்கும் முறத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது.

ஒரு தடவை, மேனேஜர் உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் தம் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன அவசரம்? மொதல்ல இருந்து வாசிங்க" என்றார். மேனேஜர் முதலில் இருந்து வாசித்தார். நான் வாசல் பக்கம் உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்தபடியே அதைக் கேட்டேன். எல்லா வீட்டிலும் என் இடம் அதுதான். செருப்பு வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அடக்கமான மனிதர் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம்.

வாடகை வீட்டில் இருந்தவரை எனக்கு ஆபத்து இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் அடுப்பின் மேல்தான் உட்கார வேண்டும். அந்த வீட்டைப் பற்றி மனைவி குறை சொல்லும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து குறை சொல்வேன். உள்ளுக்குள் அதன் சுவருக்கு நன்றி சொல்வேன். ஜூஜுவாடி பக்கம் சொந்த வீடு கட்டிக் குடிவந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. அடுத்த கூட்டத்திலேயே மனைவி கையைத் தூக்கினாள்.

"அடுத்த மாசம் எங்க வீட்டுலங்க டீச்சர். ஹால்ல நாப்பது பேர் உக்காரலாம்."

திரும்பி நடந்து வரும்போது, "எதுக்குக் கையத் தூக்குன?" என்று கேட்டேன்.

"ஏங்க, எத்தன வருசமா ஊரார் வீட்டு சுண்டலையே தின்னுட்டு வரோம். ஒரு தடவ நாம கூப்புட வேணாமா?"

"கூப்புடலாம். வாசகந்தான்..."

"பத்து வரி. வாயத் தொறந்தா முத்து உதிந்துருமா?"

"நீ வாசிச்சுடேன்."

"குடும்பத் தலைவர்தான் வாசிக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நானா தலைவரு?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருமே சொல்லவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கு ஒரு பழைய கூட்டம் நினைவுக்கு வந்தது. வெயில் காலத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடியிருந்தோம். வாசகம் தொடங்கப் போகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. காற்றில் மெழுகுவத்திகளும் அணைந்தன. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வாசகத்த விட்டுருவோம். செபமாலை எல்லாருக்கும் மனப்பாடந்தானே" என்றார். அந்த வீட்டுக்காரர் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். நான் தட்டில் கை வைத்தபடியே அண்ணாந்து பார்த்தேன். புதுச் சீலிங்கில் எட்டு ஓட்டைகள் விளக்குக்காகக் காத்திருந்தன.

சீலிங் போட்டவர்கள் ஓட்டை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தற்காலிகமாக ஒரு டியூப்லைட் சுவரில் தொங்கியது. மனைவியின் தம்பி, என் மச்சான், ஒரு வண்டி பார்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். எங்கே என்ன கெட்டுப்போனாலும் அவனுக்குச் சந்தோஷம். அவன் வந்து பார்த்துவிட்டு, "சாதா லைட்டு வாங்கிப் போடுங்க மாமா. ரெண்டு மணி நேர வேல" என்றான்.

"இல்ல மாப்ள. இருபத்தி நாலு வோல்ட்ல போடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"ஷாக் அடிக்காது."

"சீலிங்ல போயி யாரு மாமா தொடப் போறா?"

அவன் கேட்டது நியாயம்தான். நான் சொன்னதும் பொய் இல்லை. எங்கள் பேனல்களில் பட்டன்களுக்கும் சின்ன விளக்குகளுக்கும் இருபத்து நாலு வோல்ட்தான் ஓடும். வீட்டுக்கு வருகிற கரண்ட் ஒரு பெட்டிக்குள் வந்து, அங்கே இருக்கிற பவர் சப்ளையில் இருபத்து நாலாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த வயர் சாதுவாகிவிடும். மனிதன் கையோ காலோ பட்டாலும் ஒன்றும் செய்யாது. எனக்குக் கையைப் பற்றிக் கவலை இல்லை. காலைப் பற்றித்தான் கவலை.

கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கடைக்காரர் கன்னடக்காரர். இருபத்து நாலு வோல்ட் டவுன்லைட் எட்டு என்றதும், "மனெகா?" என்றார், வீட்டுக்கா என்று. தலையாட்டினேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். லிமிட் சுவிட்ச் ஒன்றும் வேண்டும் என்றேன். கதவு மூடியதா, மேடை நகர்ந்ததா என்று பார்க்க மெஷின்களில் வைக்கிற கட்டைவிரல் அளவு சுவிட்ச் அது. லேசாகத் தட்டினால் போதும். அதற்கும் "மனெகா?" என்றார். நான் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. வீட்டு வயரிங் செய்கிறவர்கள் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலி மாதிரி இழுத்துக்கொண்டே போவார்கள். இருபத்து நாலு வோல்ட்டில் அப்படி மெல்லிய வயரில் செய்தால் கடைசி விளக்குக்குப் போகும்போது வோல்ட் குறைந்து அது சீக்காளி மாதிரி எரியும். நான் ஒவ்வொரு விளக்குக்கும் சமையலறைச் சுவரில் வைத்த பெட்டியிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் இழுத்தேன். பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று. மாற்றிக் கொடுத்தால் எரியாது. பதினாறு வயர். நுனிக்கு ஒன்றாக முப்பத்திரண்டு ஃபெரூல். ஏணியில் நின்று ஒவ்வொன்றாக மாட்டினேன்.

மனைவி கீழிருந்து பார்த்தாள். "மேல யாரு போயி அந்த நம்பரப் பாக்கப் போறா?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பிக்காரன், "பல்லி பாக்கும்க்கா. பல்லிக்கு டவுட் வந்தா மாமாதான் பொறுப்பு" என்றான்.

முக்கியமான வேலையை இரண்டாவது ஞாயிறு காலையில் வைத்துக்கொண்டேன். நான் கோயிலில் முதல் பூசைக்குப் போய் வந்துவிட்டேன். மனைவி இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். ஹாலில் மாதா சுரூபம் வைத்த மர ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. அதன் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. வாசிக்கிறவர் அதற்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். லிமிட் சுவிட்சை அந்த இடைவெளிக்குள் பின்பக்கமாகத் திருகி வைத்தேன். வயரைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோய் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஏற்றிப் பெட்டியில் சேர்த்தேன். கால் பெருவிரலை உள்ளே விட்டு அழுத்தினால் எட்டு விளக்கும் அணையும். விரலை எடுத்தால் எரியும். மாதாவின் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடித்தேன்.

அதற்கப்புறம் பயிற்சி. கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவியதும், விளக்குப் போடுவதற்கு முன்னால் போய் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். கண்கள் சுரூபத்தின் மேல் இருக்கும். கால்விரல் கீழே தேடும். தேட வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும், அமுக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. உடம்பு சாயக் கூடாது. நினைத்ததைவிடக் கஷ்டம்.

"என்னங்க, இப்பல்லாம் மாதாகிட்ட ரொம்ப நேரம் நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாத்தான்."

அவள் தம்பிக்குப் போன் செய்து சொல்வது காதில் விழுந்தது. "வீடு கட்டுனதுலருந்து உங்க மாமாவுக்கு பக்தி வந்துருச்சுடா. கண்ணு கூட இமைக்காம நிக்கிறாரு. பாத்தா எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் பயிற்சியை நிறுத்தவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சுவரில் தொங்கிய டியூப்லைட்டைக் கழற்றினேன். பெட்டியைச் சுத்தம் செய்தேன். வயர்களைக் கட்டினேன். பிறகு வழக்கமாக வேலை முடிந்ததும் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பவர் சப்ளை, எட்டு விளக்கு, எஸ் 1, எஸ் 2 என்று இரண்டு சுவிட்ச். பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்று எழுதினேன். மடித்துப் பையில் போட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அழகாக இருந்தது. எங்கள் இன்ஸ்பெக்ஷன்காரர் பார்த்தால்கூட ஒரு குறை சொல்ல முடியாது என்று நினைத்துச் சந்தோஷமாகக் கை கழுவினேன்.

மறுநாள் சாயங்காலம் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஜமுக்காளம் போதாமல் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா தன் வீட்டுப் பாயைக் கொண்டுவந்து விரித்து, அதிலேயே உட்கார்ந்தும் கொண்டார். முறம் நிறைய செல்போன்கள். புதுச் சீலிங்கில் புகை படியும் என்று மெழுகுவத்திக்குப் பதிலாக பேட்டரி மெழுகுவத்தி இரண்டை மனைவி வாங்கி வைத்திருந்தாள். அதன் வெளிச்சம் மாதாவின் பாதம் வரைக்கும்தான் வரும். அந்தச் செலவை மட்டும் நான் ஏன் எதிர்க்கவில்லை என்று அவள் அன்று யோசிக்கவில்லை.

எல்லோரும் விளக்கைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பாட்டு முடிந்தது. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"குடும்பத் தலைவர் வாங்க."

செருப்புப் பக்கமிருந்து எழுந்து போனேன். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தைப் பார்த்தேன். பத்து வரி இல்லை, பதினாறு வரி. நடுவில் வெளிநாட்டு ஊர்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்ஸ் வண்டி மாதிரி நின்றன. ஹாலில் இருமல்கூட இல்லை. முன்வரிசையில் டீச்சர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நான் தொண்டையைச் செருமினேன். கால்விரலை உள்ளே விட்டேன். அமுக்கினேன்.

இருட்டு.

"கரெண்ட் ஹோய்த்து" என்றார் பக்கத்து வீட்டு அம்மா, கரண்ட் போயிற்று என்று. யாரோ உச் கொட்டினார்கள். என் மனைவி "அடக் கடவுளே, இன்னிக்குன்னு பாத்து" என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, அந்த வீட்டை நான் கட்டியதற்கே இப்போதுதான் அர்த்தம் வந்தது போல இருந்தது. ஐந்து விநாடி இருக்கும். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் நின்றதே இல்லை.

"ஃபேன் சுத்துதே" என்றார் டீச்சர்.

எல்லோரும் மேலே பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இருட்டில் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. மூன்று இறக்கையும் மேலே நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஃபேன் வேறு லைன். அது வேறு லைன் என்று எனக்குத் தெரியும், நான்தான் பிரித்தேன். கரண்ட் போனால் ஃபேனும் நிற்க வேண்டும் என்பது மட்டும் இரண்டு வாரமாக ஒரு தடவைகூட மனதில் படவில்லை.

"அப்ப கரண்ட் இருக்கு. லைட்டுலதான் ஃபால்ட்டு" என்று மச்சானின் குரல் உற்சாகமாக எழுந்தது. "யாரும் அசையாதீங்க. நான் பாக்குறேன். மாமா, பாக்ஸு கிச்சன்லதானே?"

"விடு மாப்ள. செபமாலை சொல்லிரலாம்" என்றேன்.

"ரெண்டு நிமிசம் பொறுப்போம்" என்றார் டீச்சர். "தம்பி பாத்துருவாரு."

மச்சான் சமையலறை விளக்கைப் போட்டான். பெட்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் உரக்கச் சிரித்தான்.

"அக்கா, இங்க வந்து பாரு. வீட்டு லைட்டுக்கு டிராயிங் போட்டு வெச்சிருக்காரு மாமா."

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தது. பயத்தால் மட்டும் இல்லை. பெருவிரலை அவ்வளவு நேரம் மடக்கி அமுக்கிப் பயிற்சி செய்திருக்கவில்லை. எடுத்தால் விளக்கு எரியும். எரிந்தால் வாசிக்க வேண்டும்.

"இதெல்லாம் மத்தவங்க பாத்துக் கத்துக்கணும்" என்று மச்சான் சமையலறையிலிருந்து கூட்டத்துக்கே பாடம் எடுத்தான். "ஒவ்வொண்ணா பாத்தா ஃபால்ட்டு தானா மாட்டும். பவர் சப்ளை... பச்ச லைட்டு எரியுது, ஓகே. ஃபியூஸ் ஓகே. எஸ் ஒன்னு, வாசப் பக்கம் சுவிட்ச். அது ஆன்லதான் இருக்கு. எஸ் ரெண்டு..."

அவன் நிறுத்தினான்.

ஃபேன் மட்டும் சுற்றியது.

"எஸ் ரெண்டு என்னாச்சுடா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லக்கா."

அவன் மெதுவாக ஹாலுக்குள் வந்தான். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி, நேராக மாதா ஸ்டாண்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். என் காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுவந்தான்.

"மாமா, கால எடுங்க."

எடுத்தேன். எட்டு விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பாராட்டினார்கள்.

"என்ன ஃபால்ட்டு தம்பி?" என்றார் டீச்சர்.

"லூஸ் கனெக்ஷங்க டீச்சர்."

"எங்க?"

"கீழ" என்றான். "அடியில. இப்ப சரி பண்ணிட்டேன். இனிமே போவாது."

சொல்லிவிட்டு அவன் தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. என் காலுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் தன் காலை வைத்துக்கொண்டு, கையைக் கட்டி, பக்தியோடு நின்றான்.

எனக்கு வேறு வழி இல்லை. புத்தகத்தை உயர்த்தினேன். எட்டு விளக்கும் ஒரு எழுத்தைக்கூட மறைக்காமல் காட்டின. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தேன்.

முதல் சொல் வெளியே வந்தது. இரண்டாவது வந்தது. வரியாகப் பார்த்தால் பயமாக இருந்ததால், பெட்டிக்குள் வயரைச் சரிபார்ப்பது போல ஒரு சொல்லில் விரலை வைத்தேன், சொன்னேன், விரலை நகர்த்தினேன், அடுத்ததைச் சொன்னேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஃபேன் சத்தம் கேட்டது. ஊர்ப் பெயர்கள் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். டீச்சர் எடுத்துக் கொடுப்பார் என்று பார்த்தேன். எடுத்துக் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல அமைதியாகக் காத்திருந்தார். மூன்று துண்டாக வெட்டி முதல் ஊரைச் சொன்னேன். இரண்டாவதை இரண்டு துண்டாக. வியர்வை மூக்கு நுனியிலிருந்து புத்தகத்தில் விழுந்தது. பதினாறு வரியும் முடிந்தபோது, கடைசியில் 'இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு' என்று சொல்ல மறந்து புத்தகத்தை மூடிவிட்டேன். அதையும் கூட்டமே சொல்லிக்கொண்டது.

டீச்சர் தலையை நிமிர்த்தினார்.

"மத்தவங்க எல்லாம் கடைசி பஸ்ஸப் புடிக்கிற மாதிரி வாசிக்கிறாங்க. இது காதுல விழுந்துச்சு" என்றார். நான் உட்காரப் போனேன். "அடுத்த மாசம் எங்க வீட்டுல. நீங்களே வாசிச்சிருங்க."

"டீச்சர், உங்க வீட்டுக்கு நீங்கதானே தலைவர்" என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"நான் தலைவி. நான் சொல்றேன், நீங்க வாசிக்கிறீங்க."

சுண்டல் கொடுக்கும்போது மச்சான் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். கண்ணில் தண்ணீர் வர, சத்தம் வராமல் சிரித்தான்.

"ஏன் மாமா, தப்பு பண்றவன் எவனாவது அதுக்கு டிராயிங் போடுவானா? அதுல 'மாதா ஸ்டாண்டு அடி'ன்னு கையெழுத்து வேற குண்டு குண்டா."

"நம்பர் இல்லாம ஒரு வயர எப்புடி மாப்ள விடுறது?"

அவன் சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். சிரித்து ஓய்ந்ததும், வெளியே சொல்லாமல் இருப்பதற்கு விலையைச் சொன்னான். அவன் வீட்டிலும் எட்டு விளக்கு, இதே மாதிரி, ஃபெரூலோடு. "எஸ் ரெண்டும் வேணும் மாமா. சோபாவுக்கு அடியில. வந்தவங்க கெளம்பாம உக்காந்திருந்தா ரெண்டு தடவ அணைச்சுக் காட்டலாம்." அதற்கு அப்புறம் வந்த மூன்று ஞாயிறு அவன் வீட்டு ஏணியில் கழிந்தது.

எல்லோரும் போன பிறகு மனைவி ஜமுக்காளத்தை உதறி மடித்தாள். நான் முறத்தை எடுத்து வைத்தேன். அவள் சமையலறைக்குள் போனாள். பெட்டிக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அவளுக்குக் கோடுகள் புரியாது. குண்டு குண்டான எழுத்து புரியும். திரும்பி வந்து ஸ்டாண்டுக்கு முன்னால் நின்று கைகூப்பினாள். காலை உள்ளே விட்டாள். விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"இதுக்குத்தான் கண்ணு இமைக்காம நின்னீங்களா?"

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊரெல்லாம் சொன்னேங்க. என் வீட்டுக்காரரு மாதாவே கதின்னு ஆயிட்டாருன்னு. எங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எங்க அம்மா அழுதுச்சு."

"கழட்டிடுறேன்."

"வேணாம். இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்தாள். "மாதா பாத்துட்டு இருக்கட்டும்." பிறகு அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஜமுக்காளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, மூச்சு வாங்கியபடி, "ஆனா நல்லா வாசிச்சீங்க" என்றாள். அந்த 'ஆனா' எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் டீச்சர் வீட்டில் கூடினோம். வாசகம் எது என்று ஒரு வாரத்துக்கு முன்பே மனைவி கேட்டு வந்துவிட்டாள். தினமும் கம்பெனியிலிருந்து வந்து, முகம் கழுவி, மாதாவுக்கு முன்னால் நின்று வாசித்தேன். இந்த முறை கண் புத்தகத்தில் இருந்தது. கால் இரண்டும் தரையில் இருந்தன.

டீச்சர் வீட்டு ஹாலில் எழுந்து நின்றபோது பழக்கத்தில் பெருவிரல் கீழே கொஞ்சம் தேடியது. வெறும் தரைதான். வாசிக்க ஆரம்பித்தேன். விரல் வைத்து, சொல் சொல்லாக. சட்டை நனைந்தது, பரவாயில்லை. ஆறாவது வரியின் நடுவில் இருந்தபோது பட்டென்று விளக்கு அணைந்தது.

ஜமுக்காளத்தின் பின்பக்கத்திலிருந்து, "மாமா, கால எடுங்க" என்றான் மச்சான். என் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். நான் இருட்டில் ஒரு காலை உண்மையாகவே தூக்கிவிட்டேன்.

முன்வரிசையில் டீச்சர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னிக்கு ஃபேனும் நின்னிருச்சு" என்றார். "நான் எமர்ஜென்சி லைட்ட எடுத்துட்டு வரேன். நீங்க விட்ட எடத்துல விரல வெச்சுட்டு இருங்க."

அவர் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். காலைக் கீழே வைத்தேன். ஆறாவது வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.